கடைமடைக்காரருடன் குட்டநாட்டில்

பிப்ரவரி 9, ஆலப்புழை

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுத்தான் அப்பா கிளம்பினார். சாயங்காலம் கடற்கரை. 1862இல் கட்டிய கடல்பாலத்தில் இப்போது தூண்கள்தான் மிச்சம். காவிரி கடைசியாக வந்து சேரும் கடைமடையான நம் நாகப்பட்டினத்தில் கடலிலிருந்து எழும் சூரியன் இங்கே கடலில் இறங்குகிறது. அப்பா இருட்டும்வரை நகரவில்லை.

பிப்ரவரி 10, காயலில்

படகுவீடு வேண்டாம், கோட்டயம் போகும் அரசுப் படகு போதும் என்றேன். இரண்டரை மணி நேரம். துறைக்குத் துறை பள்ளிப் பிள்ளைகளும் கூடை சுமந்த அக்காக்களும் ஏறி இறங்கினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏம்மா, தண்ணி மேல நிக்குது, வயலு கீழ கெடக்கு!"

ஆமாம். வரப்புக்கு இந்தப் பக்கம் காயல். அந்தப் பக்கம், நாங்கள் போகும் நீர்மட்டத்துக்கும் கீழே, பச்சை நெல். இந்தக் குட்டநாட்டில் சில இடங்களில் கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் வரை கீழே பயிர் வைக்கிறார்கள். 2013இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது.

பக்கத்தில் இருந்த பெரியவர் மலையாளத்தில் சொன்னார், அப்பா தமிழில் கேட்டார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. வயல் நீரை வெளியேற்ற 'பெட்டியும் பறையும்' என்று ஒரு இறைப்பு. பறை என்ற உருளைக்குள் விசிறி சுழன்று நீரைத் தூக்கும், பெட்டி வழியாக அது வெளியே பாயும். மோட்டார் வருவதற்கு முன் சக்கரத்தைக் காலால் மிதித்தே இறைத்திருக்கிறார்கள். காயலில் மூழ்கி மூழ்கிச் சேறு அள்ளி வரப்பு கட்டியவர்களில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட புலையர் சாதியினர். அந்த நிலம் அவர்களுக்குச் சேரவில்லை. அதைக் கேட்டபின் அந்தப் பச்சையை வெறும் அழகாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

"ஜூன் 12 மேட்டூர் தொறக்குமான்னு நாம வானத்தப் பாக்குறோம். இவங்க தண்ணிய வெளிய தள்ளப் பாடுபடுறாங்க" என்றார் அப்பா.

பிப்ரவரி 11, தண்ணீர்முக்கம்

காயலின் குறுக்கே நீளமான தடுப்பணை. நெல்லுக்கு உப்பு ஏறாமலிருக்க டிசம்பரில் மதகுகளை இறக்கிவிடுகிறார்கள். தெற்கே நல்ல தண்ணீர், வடக்கே உப்பு. ஆனால் கடலிலிருந்து வரும் மீனுக்கும் இறாலுக்கும் வழி அடைபடுகிறது. கருங்கக்கா என்ற கறுப்புச் சிப்பி இனம் பெருகவும் கொஞ்சம் உப்பு வேண்டும். உப்பு பட்டால் அழியும் ஆகாயத்தாமரையோ தெற்கே மண்டிக் கிடக்கிறது. மதகை எப்போது தூக்குவது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் இன்னும் இழுபறிதான்.

அப்பா யார் பக்கம் என்று கேட்டேன். வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். "கடைமடைக்காரன்ட்ட கேக்குற கேள்வியா இது?" என்றார்.

பிப்ரவரி 12, மாராரிக்குளம்

வெள்ளை மணல், தென்னை, கரையேற்றிய வள்ளங்கள். குடம்புளி போட்ட மீன்குழம்பு. நன்றாகக் குளித்தேன்.

அப்பா முழங்கால் அளவு நீரில் நின்றுவிட்டு வந்தார். இப்போது அண்ணனிடம் போனில், உளுந்து எப்படி இருக்கிறது என்று கேட்டு முடித்து, மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அங்க வயலு தண்ணிக்குக் கீழ கெடக்குடா!"