முப்பத்தொன்பதில் பாதி

ஆர்.ஏ.சி. டிக்கெட்டுக்குக் கட்டணம் முழுசு, படுக்கை பாதி. ஸ்லீப்பர் பெட்டியில் நடைவழியை ஒட்டி சைடு லோயர் என்று ஒன்று இருக்குமே, பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கை, முதுகுச் சாய்வுகளை மடக்கிப் போட்டால் ஒரு படுக்கை. அதை முன்பின் தெரியாத இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து டெல்லிக்கு ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர், ஒன்றரை நாள் பயணம். இரண்டு இரவில் பெரும்பகுதியை அப்படி ஒரு பாதிப் படுக்கையில் கழித்தேன்.

60 நாளைக்கு முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும். நண்பன் கல்யாணத் தேதி அதற்கும் முன்பே தெரியும். இருந்தும் கடைசி இரண்டு வாரத்தில்தான் டிக்கெட் நினைவே வந்தது. விமானக் கட்டணத்தைப் பார்த்தேன், மூடிவிட்டேன். ஏ.சி. பெட்டிகளில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. ஸ்லீப்பரில் மட்டும் நகர்ந்து நகர்ந்து ஆர்.ஏ.சி.க்கு வந்து நின்றது. எஸ் 4, 39. வண்டி, ஜி.டி. எனப்படும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்.

39-இல் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், முடியை ஒட்ட வெட்டியிருந்தார், முதுகு நேராக இருந்தது. காலடியில் பச்சை வயர் கூடை.

"வா தம்பி. மேல பெட்டிய வச்சிரு. கூடைய மட்டும் காலால தள்ளிடாத, கத்திரிக்கா இருக்குது."

வேலூர் முள்ளு கத்திரிக்காய். இலவம்பாடியில் விளைவது, காம்பில் முள் குத்தும், குழம்பில் போட்டால் கரைந்துவிடும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த கத்திரிக்காய் இதுதான். அதில் நாலு கிலோவை தினத்தந்தி விரித்து அடுக்கிக்கொண்டு ஜான்சிக்குப் போகிறார். மகன் அங்கே பக்கத்தில் பபீனா கன்டோன்மென்டில் இருக்கிறான், பேரனுக்கு முதல் பிறந்தநாள். "அந்த ஊருல கத்திரிக்கான்னா தேங்கா சைஸுல இருக்கும் தம்பி. சுட்டு பெசைய வேணும்னா ஆகும். எண்ணெக் கத்திரிக்காக்கு ஆகுமா? மருமக கேட்டுச்சி."

ஊர் கம்மவான்பேட்டைக்குப் பக்கம் என்றார். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிவிட்ட கிராமம் அது. அவரும் 1983-இல் சேர்ந்தவர், ஹவில்தாராக வெளியே வந்தவர். முதல் போஸ்டிங்கிற்குப் போனதும் இதே ஜி.டி.யில்தான். தகர டிரங்குப் பெட்டியும் படுக்கையைச் சுருட்டிக் கட்டும் ஹோல்டாலும் இரண்டு பெஞ்சுக்கு நடுவில் கிடக்க, அதன் மேலேயே படுத்துக்கொண்டு போனாராம். அதனால் பாதிப் படுக்கையைப் பற்றி அவருக்கு ஒரு புகாரும் இல்லை. எனக்கு இருந்தது. ஆனால் அவர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்களுக்கு எதிரே இருந்த ஆறு படுக்கைகளையும் மன்னார்குடியிலிருந்து வந்த மாமிகள் பிடித்திருந்தார்கள். மதுராவில் இறங்கி பிருந்தாவனம் போகிறார்கள். கூடூர் வருவதற்குள் அந்தப் பக்கம் புளியோதரை வாசனை பரவிவிட்டது. நான் பெருமையாக ஒரு முட்டை பிரியாணி வாங்கியிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் பெரியவர் எட்டிப் பார்த்தார். "முட்டை இருக்குது. பிரியாணி எங்க?" என்றார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஒரு மாமி ஒன்றும் கேட்காமல் காகிதத் தட்டில் புளியோதரையும் ஒரு வடகமும் வைத்து நீட்டினார்.

பத்து மணிக்கு நடுப் படுக்கைகளைத் தூக்கி மாட்டினார்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் அதை விரிக்கலாம் என்பது விதி. விதி கிடக்கட்டும், எங்கள் பிரச்சினை வேறு. சைடு லோயரை மடக்கிப் போட்டால் நடுவில் ஒரு இடைவெளி விழும், முதுகு சரியாக அந்த இடத்தில்தான் வரும். பெரியவர் பையிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுத்து நாலாக, எட்டாக மடித்து, கயிறு மாதிரி முறுக்கி அந்த இடைவெளியில் திணித்தார். மேலே துண்டை இழுத்து விரித்தார். கையால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளமே தெரியவில்லை. "தலைக்குத் தலை வச்சா ரெண்டு பேருக்கும் தூக்கம் கெடும். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒன் கால் எனக்கு, என் கால் ஒனக்கு. காலக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன்.

தூக்கம் என்று சொல்ல முடியாது. ஒருவர் புரண்டால் மற்றவரும் புரள வேண்டும். நடுநிசி தாண்டி வண்டியின் ஓசை திடீரென்று மாறியது, இரும்புக்குள் ஓடுகிற ஓசை. கிருஷ்ணா நதிப் பாலம். அது முடிந்ததும் விஜயவாடா. கண்ணைத் திறக்காமலே பெரியவர் "பெசவாடா" என்றார். அந்த ஊரின் பழைய பெயர். எல்லா ஊரையும் அவர் பழைய பெயரில்தான் வைத்திருந்தார்.

விடியும்போது ராமகுண்டம் தாண்டி கோதாவரி. ஜனவரி கடைசி, ஆற்றில் மணல்தான் அதிகம், நடுவே பனி மூடிய ஒரு தண்ணீர்க் கோடு. இதன் பிறகு மஞ்சிரியால், பெல்லம்பள்ளி என்று நிலக்கரி ஊர்கள். ரயில் பாதை ஓரத்துச் செடிகளின் இலைகூடக் கறுப்பு. அப்புறம் சிர்பூர் காகஸ்நகர். காகஸ் என்றால் காகிதம், அங்கிருக்கும் காகித ஆலையால் வந்த பெயர்.

"வாரங்கல்லோட இட்லி முடிஞ்சிச்சி" என்று பெரியவர் அறிவித்தார். உண்மைதான். வர்தா ஆற்றைத் தாண்டி பல்லார்ஷாவில் நின்றபோது மேடையில் சமோசாவும் ஆலு போண்டாவும்தான். 'காபி, டீ' என்று வந்த குரல் எப்போது 'சாய், சாய்' ஆனது என்று நான் கவனிக்கவில்லை. பல்லார்ஷா என்ற பெயர் நம் ஊர் மரக்கடைகளிலும் புழங்குவதுதான். பல்லார்ஷா தேக்கு என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். அயோத்தி ராமர் கோயில் கதவுகளுக்குத் தேக்கு போனதும் இங்கிருந்துதான்.

இந்த இடத்துக்கு ரயில் வரலாற்றில் ஒரு கணக்கு உண்டு. காசிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் நடுவில் காட்டுக்குள் பாதை போட்டு முடித்த பிறகுதான் சென்னையையும் டெல்லியையும் இப்படி நேராக இணைக்க முடிந்தது. அது 1929. ஜி.டி. ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான், பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையில். பிறகு லாகூர் – மேட்டுப்பாளையம் என்று சுருங்கி, கடைசியில் டெல்லி – சென்னை என்று நின்றது. ஆப்கான் எல்லை ஓரத்திலிருந்து அரபிக்கடல் வரை கரி எஞ்சின் இழுத்த வண்டி. இதைப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பெஷாவர்லேர்ந்து மங்களூரா? அதுலயும் ஆர்.ஏ.சி. இருந்திருக்குமா?" என்றார்.

நாக்பூரில் டி.டி.ஆர். வந்தார். கையில் இருந்த கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எஸ் 9-இல் ஒரு அப்பர் காலியாகிறது, யாராவது போகிறீர்களா என்று இந்தியில் கேட்டார். பெரியவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். ஏறி இறங்க முடியாது. என்னைப் பார்த்தார். நான் போனால் இரண்டு பேருக்கும் முழுப் படுக்கை. நியாயமான கணக்கு. ஆனால் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, ஜன்னல் ஆசைதான். இன்னும் சில மணி நேரத்தில் சாத்புரா மலைப் பகுதி வரும். அப்பர் பெர்த்தில் படுத்தால் மின்விசிறியின் முதுகைத்தான் பார்க்கலாம். ராத்திரி ஒரு மணிக்கு இந்த முடிவுக்காக வருந்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பகல் அருமையாக இருந்தது. வலைப் பைகளில் ஆரஞ்சு வந்தது, மாமிகள் பேரம் பேசித் தோற்றார்கள். முல்தாய் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் கடந்து போனது. தாப்தி நதி பிறக்கிற ஊர். சூரத் வரை போய்க் கடலில் கலக்கிற ஆறு இந்தச் சாதுவான ஊரில் ஒரு குளத்தில் தொடங்குகிறது. பேதூல் தாண்டியதும் வண்டி இறக்கத்தில் மெதுவானது. மராம்ஜிரிக்கும் தாராகோவுக்கும் நடுவில் குகைகள், வளைவுகள், இலை உதிர்க்கத் தொடங்கிய தேக்கங்காடு. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்தால் வளைவில் நம் வண்டியின் எஞ்சினே தெரியும். குகைக்குள் நுழையும்போதெல்லாம் அடுத்த பெட்டியிலிருந்து ஒரு கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. மூன்றாவது குகையில் மாமிகளில் மூத்தவரும் கத்தினார். மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன? எல்லாரும் கத்தறா, நானும் கத்தினேன்."

எதிர்ப் பாதையில் ஒரு சரக்கு வண்டி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது, பின்னாலிருந்தும் எஞ்சின்கள் தள்ள. "பேங்கர்" என்றார் பெரியவர். ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருளாமல் இருக்கவும் தள்ளிவிடவும் பின்னால் கட்டுகிற எஞ்சின். "மேல போயிட்டா கழட்டிக்கினு திரும்பி வந்துடும். அதோட வேலையே இதான். தள்ளு, எறங்கு, தள்ளு."

இடார்சி தாண்டி நர்மதை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாமிகள் எழுந்து கைகூப்பினார்கள், கையில் தயாராக வைத்திருந்த காசை ஜன்னல் வழியே எறிந்தார்கள். ஒன்று கம்பியில் பட்டுத் திரும்பி என் மடியில் விழுந்தது. ஐந்து ரூபாய். கொடுத்தேன். "அம்மா வேண்டாங்கறா போலிருக்கு" என்று சொல்லி மறுபடியும் எறிந்தார். இந்த முறை போய்விட்டது. புத்னியிலிருந்து விந்திய மலை ஏற்றம். இது புலி நடமாடும் ரத்தாபானி காடு, பாதையைக் கடக்கையில் அடிபட்டுச் செத்த புலிகள் உண்டு. 2024 டிசம்பரில் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். இருட்டும் வரை கண் கொட்டாமல் பார்த்தேன். குரங்குகள்.

போபாலுக்குப் பிறகு குளிர் ஏறியது. நான் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. சென்னையில் மூட்டையில் வைக்க மறந்த ஸ்வெட்டர் வீட்டு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடியை இறக்கினாலும் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு, காற்று கத்தி மாதிரி வந்து நேராக இடுப்பில் பாய்ந்தது. ஏ.சி. பெட்டி என்றால் போர்வையும் தலையணையும் தருவார்கள். ஸ்லீப்பரில் காற்றுதான் இலவசம். பெரியவர் கத்திரிக்காய்க் கூடையைத் திறந்து, மேலே விரித்திருந்த தினத்தந்தியை எடுத்தார். நீளவாக்கில் மடித்து, ஜன்னல் இடுக்கில் பேனாவால் குத்திக் குத்தி அடைத்தார். காற்று நின்றது.

"கத்திரிக்காய்க்கு?"

"அது குளுருல கெடாது. நீதான் கெட்டுடுவ."

அவரிடம் கறுப்புக் கம்பளி ஒன்று இருந்தது. ராணுவக் கம்பளி, சொறிகிற வகை. குறுக்காகப் போட்டால் இரண்டு பேருக்கும் மார்பு வரை மட்டும் எட்டும். கால்கள் வெளியே. அவருடைய கால் என் தோளோரம், காலுறையோடு. சாஞ்சி ஸ்தூபி இந்தப் பக்கம் வெளியில் எங்கோ இருட்டில் போயிருக்க வேண்டும்.

ஜான்சிக்கு அரை மணி முன்பே எழுந்துவிட்டார். கூடையைச் சரிபார்த்தார். ஒவ்வொரு காயாகத் தொட்டு, காம்பு காய்ந்த இரண்டை ஓரமாக வைத்தார். சட்டைக்கு மேல் பேன்ட் பெல்ட்டை இழுத்துக் கட்டினார், தலை வாரினார். மேடையில் குரங்குக் குல்லாய் போட்ட ஓர் இளைஞன் பெட்டி எண்ணைப் பார்த்தபடி ஓடி வந்தான். அப்பாவின் காலைத் தொடக் குனிந்தவனிடம் முதலில் கூடையைக் கொடுத்தார்.

"பாத்து, முள்ளு."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "தம்பி, டெல்லியில எறங்கினதும் மொதல்ல ஒரு ஸ்வெட்டர் வாங்கு. கல்யாணம் அப்புறம் பாத்துக்கலாம்." கம்பளியைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் போனார். அதை விட்டுவிட்டுப் போவார் என்று நான் ஒரு கணம் நினைத்தது உண்மை.

வண்டி கிளம்பியது. 39 முழுவதும் என்னுடையது. என்னிடமிருந்த லுங்கியை நாலாக, எட்டாக மடித்து முறுக்கி இடைவெளியில் திணித்தேன். அவர் செய்ததுபோல் வரவில்லை, ஒரு முனை மேடு தட்டியது. மறுபடி எடுத்து இன்னும் இறுக்கி முறுக்கினேன். கல்யாணத்துக்கு வைத்திருந்த பட்டு வேட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். குவாலியர் தாண்டினால் முரைனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவில் சம்பல் வரும், அதையும் அதன் பள்ளத்தாக்குகளையும் இருட்டிலாவது பார்த்துவிட வேண்டும் என்று அலாரம் வைத்தேன்.

விழித்தபோது எதிரே ஆறு படுக்கையும் காலியாக இருந்தன. மதுரா போய்விட்டது. அலாரத்தை எப்போது அணைத்தேன் என்று தெரியவில்லை. ஜன்னல் இடுக்கில் தினத்தந்தி அப்படியே இருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூடுபனி. மேல் படுக்கைக்காரர் ஃபரீதாபாத் என்றார்.