வயித்து கேன்சரும் இந்த ஸ்டெம் செல் விவகாரமும்

கீமோ குடுத்ததும் கட்டி நல்லா சுருங்கிடுச்சுன்னு ஸ்கேன்ல சொல்லுவாங்க, வீட்ல எல்லாருக்கும் உயிர் வரும், அப்புறம் கொஞ்ச மாசத்துல மறுபடி வளர ஆரம்பிச்சிடும். முத்தின வயித்து கேன்சர்ல இது சகஜம். ஏன்னு கேட்டா கிடைக்கிற ஒரு பதில்தான் கேன்சர் ஸ்டெம் செல். அதாவது கட்டியில இருக்குற எல்லா செல்லும் ஒரே மாதிரி கிடையாது, கொஞ்சூண்டு செல்லுக்குத்தான் கட்டியை புதுசா முளைக்க வைக்கிற சக்தி, கீமோவுல மத்ததெல்லாம் செத்தாலும் அதுங்க தாக்குப்பிடிச்சுடும். கோரைப்புல்லை மேலாக்க அறுத்துட்டு கிழங்கை மண்ணுலயே விட்ட கதை. (ஊசி போட்டு எல்லா வியாதியும் தீரும்னு விளம்பரம் பண்றாங்களே ஸ்டெம் செல் தெரபி, அது வேற, இதோட குழப்பிக்காதீங்க.)

2009-ல கொலம்பியா யூனிவர்சிட்டில திமோதி வாங் டீம், வயித்து கேன்சர் செல்கள்ல மேல்பரப்புல சிடி44-ங்கிற புரோட்டீன் இருக்கற செல்லை மட்டும் பிரிச்சு எலிக்குள்ள வெச்சா கட்டி வருதுன்னு காட்டினாங்க. அப்புறம் 2011-ல ஜப்பான்ல கெயோ யூனிவர்சிட்டி ஆளுங்க கண்டுபிடிச்சதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, இந்த சிடி44-ல ஒரு வகை, செல்லுக்குள்ள சிஸ்டின்ங்கிற அமினோ அமிலத்தை இழுத்து, செல்லை சேதத்துலருந்து காப்பாத்துற குளுட்டாதயோன் செய்ய உதவுது, அந்த கவசம் இருக்கறதாலதான் அந்த செல் சாக மாட்டேங்குது, அந்த வழியை அடைக்கிற மருந்து என்னன்னு பாத்தா மூட்டு வாதத்துக்கு ரொம்ப வருஷமா குடுக்குற சல்ஃபாசலசின்! நோயாளிகளுக்கும் சின்ன அளவுல குடுத்து பாத்தாங்க, சில பேருக்கு அந்த வகை செல் குறைஞ்சுது, ஆனா கட்டி பெருசா சுருங்கல.

பெரிய அடி நாபாபுகாசின்ங்கிற மருந்துலதான். செல்லை வளர வைக்கிற ஸ்டாட்3-ங்கிற சிக்னலை அடைச்சு ஸ்டெம் செல்லை ஒழிக்கும்னு சொல்லி பேக்லிடாக்சல்ங்கிற கீமோ மருந்து கூட சேத்து 714 பேர்கிட்ட பிரைட்டர்னு ஒரு ட்ரையல் நடத்தினாங்க. உயிரோட இருந்த காலம் (மீடியன், அதாவது நடு அளவு) நாபாபுகாசினும் சேத்து எடுத்தவங்களுக்கு 6.93 மாசம், அது இல்லாம பேக்லிடாக்சல் எடுத்தவங்களுக்கு 7.36 மாசம். ஒரு பிரயோஜனமும் இல்ல.

அப்போ ஐடியாவே தப்பான்னா, அப்படி சொல்ல மாட்டேன். 2017-ல எலிங்களோட பெருங்குடல் கட்டியில ஸ்டெம் செல்லை மட்டும் அழிச்சு பாத்தப்போ கட்டி வளராம நின்னுச்சு, நிறுத்தினதும் சாதா செல்லுங்களே திரும்ப ஸ்டெம் செல்லா மாறி கட்டி வளர ஆரம்பிச்சிடுச்சு. வயித்துலயும் இப்படித்தான் நடக்குதுன்னா சிடி44 மாதிரி ஒரு மார்க்கரை (அடையாளத்தை) மட்டும் குறி வெச்சு அடிச்சு பிரயோஜனம் இல்ல, அந்த மாற்றத்தையும் சேத்து தடுக்கணும், அதுக்கான மருந்து இன்னும் கைக்கு வரல.