பொங்கலா, ஜோதியா?

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்களில் நான் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணியைப் பதியும்போது என் முதல் கேள்வி, "கடைசியா எப்ப குளிச்ச?" என்பதுதான். புதிதாக வேலைக்கு வந்த டவுன் பிள்ளை ஒருத்தி இதைக் கேட்டு விழித்தாள். எங்கள் பெண்கள் விழிப்பதில்லை. மாதவிலக்கான அந்த நாளோடு ஒன்பது மாதம் ஏழு நாள் கூட்டினால் பிரசவத் தேதி. 37 வாரம் நிறையாமல் பிறந்தால் குறைமாதம். எல்லாம் அந்த ஒரு நாளை வைத்துத்தான்.

ஆனால் தேதியாக யார் சொல்கிறார்கள்? "மாசி மகத்துக்கு மறுவாரம்", "கொட்டை உடைக்கப் போன புதுசுல" என்றுதான் வரும்.

2017-ல் தலைப்பிரசவக்காரி ஒருத்தி நாலு மாதம் கழித்து வந்து, "பொங்கல்ல குளிச்சேன் சிஸ்டர்" என்றாள். அன்று தடுப்பூசி நாள், வாசலில் கூட்டம். ஜனவரி 14 என்று எழுதிவிட்டேன். அப்புறம் எடுத்த ஸ்கேனில், கணக்குக்குக் குழந்தை சிறியது என்று வந்தது. அவளே ஒல்லி, ரத்தம் எட்டரைதான், சத்து மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பவள். (மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள்.) அதனால்தான் வளர்ச்சி இல்லை என்று நானாகவே முடிவு கட்டினேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் இடுப்பு வலி என்று வந்தாள். என் பதிவேட்டில் சரியாக 37 வாரம். சரி, நாள் வந்துவிட்டது, இங்கேயே பார்க்கலாம் என்றிருந்தோம். வயிற்றைத் தொட்டதும் எனக்கு மனது கேட்கவில்லை.

"ஏம்மா, பொங்கலன்னிக்கேவா குளிச்ச?"

"இல்ல சிஸ்டர். பொங்கல் கழிஞ்சு வடலூர் ஜோதி பாத்துட்டு வந்த ரெண்டாம் நாள்."

அந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 9. விரல்விட்டு எண்ணினேன். 33 வாரம்தான் ஆகியிருந்தது.

டாக்டரம்மா உடனே டெக்சாமெத்தசோன் முதல் ஊசியைப் போட்டு 108-ல் ஏற்றினார். குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி; 34 வாரத்துக்குள் என்றால்தான் போடுவது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியை எங்களைப் போன்றவர்களே போடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014-லேயே வந்துவிட்டது. ஆனால் 37 என்று என் கையால் எழுதிவைத்திருந்தேனே, யார் போடுவார்கள்?

அங்கே வலியை இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். நாலு ஊசியும் உள்ளே போனது. குழந்தை 1,900 கிராம். மாமியார் வராந்தாவில் உட்கார்ந்து, "ஏழாம் மாசம்னா பொழைச்சிக்கும், எட்டாம் மாசம் தங்காது நர்சம்மா" என்று அழுதது. "ஆயா, வயித்துல ஒரு வாரம் கூட இருந்தா அவ்வளவுக்கு நல்லதுதான்" என்றேன். காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஆனால் மூன்றாம் நாள் போனபோது, மருமகள் சாப்பிடும் நேரத்தில் அந்த ஆயாவே ரவிக்கையைக் கழற்றிவிட்டு, புடவைக்குள் குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இப்படிக் கட்டிக்கொள்வதற்குக் கங்காரு முறை என்று பேர்; அந்தப் பேர் மட்டும் அதன் வாயில் நுழையவில்லை.

மறு வருஷம், கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் 12,000-லிருந்து 18,000 ரூபாய் ஆனது. அப்போது முதல் தவணை வேண்டுமானால் 12 வாரத்துக்குள் பதியவேண்டியிருந்தது. காசுக்காக ஓடி வருகிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. வரட்டுமே. ஐம்பதாம் நாளில் வருகிறவளுக்குக் குளித்த நாள் நினைவிருக்கும். நாலாம் மாதம் வருகிறவளுக்குப் பண்டிகைதான் நினைவிருக்கும்.

அதே பெண் இரண்டாவதுக்கு வந்தபோது நாள் தள்ளி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே பர்ஸிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள். ராகுகாலத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தாள்.