வீட்டுக் கணினிக்கு எது போதும்?

விண்டோஸ் 11 இருக்கும் கணினிக்குத் தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம். உள்ளேயே டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது, அப்டேட்டை நிறுத்தாமல் இருந்தால் சரி. (விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, அது தனிக் கதை.)

போட்டோ எடிட்டிங்தான் வம்பு. போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியது. பணம் கட்டுவதை நிறுத்தினால் போட்டோஷாப்பும் நின்றுவிடும். உடனே நம் ஆட்கள் கிராக் (பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு) தேடிக் கிளம்புகிறார்கள். அதில் பெரும்பாலும் முதல் படியே ‘ஆன்டிவைரஸை அணைத்து வையுங்கள்’ என்பதுதான். திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொல்வது போல!

அதற்குப் பதில் கிம்ப் என்ற இலவச போட்டோ எடிட்டர் இருக்கிறது. அது ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது. கல்யாண ஆல்பம் செய்து காசு வாங்கினாலும், நான்கு கணினியில் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சில இலவச ஆன்டிவைரஸ்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். கடைக் கணினியில் போட்டால் உரிம மீறல்.

அப்புறம், லேப்டாப்புடன் வந்த விண்டோஸ் (தயாரிப்பாளரே போட்டுத் தரும் இதை ஓஇஎம் என்பார்கள்) அந்த லேப்டாப்போடு சரி. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமம் என்றால், பழையதிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம்.

வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு தாராளம். கணினி பழசா? ஷாட்கட் என்ற இலவச வீடியோ எடிட்டரைப் போடுங்கள்.