சோற்றுத் தட்டருகே ஓர் உறுமல்: நாட்டு நாயை வீட்டு நாயாக்கிய அனுபவம்

எங்கள் தெருவில் வளர்ந்த நாட்டு நாய் ஒன்றுக்குத் தினமும் சோறு வைத்துவந்த பெரியவர், மகள் வீட்டோடு இருக்க வெளியூர் போய்விட்டார். அதன் பிறகு அந்த நாயைச் சென்னையிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். நிறத்தையே பெயராக்கிச் செவலை என்று கூப்பிட்டோம். நன்கு வளர்ந்த பெண் நாய். கருத்தடை அறுவை சிகிச்சை முன்பே முடிந்து, அதற்கு அடையாளமாகக் காது நுனியும் வெட்டப்பட்டிருந்தது. கழுத்துப்பட்டையை எதிர்க்கவில்லை, வீட்டுக்குள் அசிங்கம் செய்யவும் இல்லை. ஆனால் சாப்பிடும்போது யாராவது அருகில் போனால் மட்டும் அடித்தொண்டையிலிருந்து உறுமியது.

நாய் வளர்த்துப் பழகிய உறவினர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். சாப்பிடும்போதே தட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டும், உறுமினால் மூக்கில் தட்ட வேண்டும், வீட்டுக்கு யார் தலைவர் என்று அதற்குப் புரியவைக்க வேண்டும். இந்தத் தலைமைக் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. ருடால்ஃப் ஷென்கல் என்னும் விலங்கு ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள் தலைமைக்காக மோதிக்கொள்வதைக் கவனித்து 1947இல் எழுதியதிலிருந்து அது கிளம்பியது. அதைப் பரவலாக்கியவர்களுள் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்று 1999இல் தாமே திருத்தி எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாததைத் தெருவில் பசியோடு வளர்ந்த நாயின் மேல் சுமத்த எங்களுக்கு விருப்பமில்லை. தவிர, உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் தரும் எச்சரிக்கை. அதற்காக அடி வாங்கும் நாய்க்குப் பயம் குறைவதில்லை, எச்சரிக்கும் பழக்கம்தான் போகிறது. 'ஒன்றுமே செய்யவில்லை, திடீரென்று கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நாய்களில் பலவும், முன்னொரு காலத்தில் உறுமியதற்காக அடி வாங்கியவையாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். காதுவலி, பல்வலி, உண்ணிக் காய்ச்சல் ஆகியவை சாதுவான நாயையும் சிடுசிடுக்க வைக்கும் என்பதால், பழக்கவழக்கத்தைத் திருத்தப் புறப்படுமுன் உடம்பைப் பார்த்துவிடுவதே முறை. ஒரு காதில் சீழ் இருந்தது. மருந்து விட்டுச் சரியானது. ரத்தப் பரிசோதனையில் வேறு குறை இல்லை. வெறிநோய்த் தடுப்பூசியையும் அன்றே போட்டுக்கொண்டு திரும்பினோம். உறுமல் மட்டும் நிற்கவில்லை.

அதன் பிறகு செவலையைத் தொலைவிலிருந்தே கவனிக்கத் தொடங்கினோம். உறுமலுக்கு முன்பே அது எத்தனையோ சொல்லிக்கொண்டிருந்தது புரிந்தது. நாம் அறைக்குள் நுழைந்ததும் விழுங்கும் வேகம் கூடும். தலை தட்டின் மேல் தாழும். உடம்பு அசைவற்று விறைக்கும். தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கும்போது வெள்ளைவிழி பிறைபோலத் தெரியும். இத்தனைக்கும் நடுவே வால் ஆடிக்கொண்டும் இருக்கும். வால் ஆட்டினால் சிநேகம் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். தளர்ந்த உடம்போடு இடுப்பும் சேர்ந்து அசைவது வேறு, விறைத்த உடம்பில் தூக்கிய வால் மட்டும் துடிப்பது வேறு.

பயிற்சி எளிமையானதுதான், பொறுமைதான் அதிகம் தேவைப்பட்டது. அது சாப்பிடும்போது, உடம்பு விறைக்காத தொலைவில் நடந்துபோய், சோற்றைவிட அதற்குப் பிடித்த வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கமாக எறிந்துவிட்டு, நிற்காமல் கடந்துவிடுவோம். நம் வருகையால் தட்டில் இருப்பது பறிபோவதில்லை, கூடுகிறது என்று அது தானாகக் கண்டுகொள்வதற்கே இந்த ஏற்பாடு. நம்மைக் கண்டதும் விறைக்காமல், அடுத்த துண்டை எதிர்பார்த்துத் தலையை நிமிர்த்திய பிறகுதான் அடுத்த நாள் ஓரடி நெருங்குவோம். விறைத்தால் மறுபடி பின்வாங்குவோம். அது வாயில் கவ்விய செருப்பையும் பிடுங்காமல், வேறு தின்பண்டம் கொடுத்து மாற்றிக்கொண்டோம். தட்டையும் கூடத்திலிருந்து யாரும் குறுக்கே நடக்காத பின்கட்டு மூலைக்கு மாற்றினோம். பாதிப் பிரச்சினை அந்த இடமாற்றத்திலேயே தீர்ந்தது என்றுகூடச் சொல்வேன். விடுமுறைக்கு வந்த அக்கா மகனுக்கு ஒரே விதி: சாப்பிடும், தூங்கும் நாயிடம் போகக் கூடாது. குழந்தை விதியை மறந்துவிடக்கூடும் என்பதால் அந்த வேளைகளில் இடைக்கதவையும் சாத்தி வைத்தோம்.

மாநகராட்சி உரிமம் வாங்குவது இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை இணையத்தில் பதிவேற்றி 50 ரூபாய் கட்டினோம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தோலடியில் பொருத்தும் மைக்ரோசிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. நாய் தொலைந்தால் கைபேசியில் அதன் இருப்பிடம் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள், தெரியாது. கண்டெடுத்தவர் அதற்கான கருவியால் எண்ணைப் படித்து, பதிவோடு ஒப்பிட்டால்தான் உரிமையாளரைக் கண்டறிய முடியும்.

குடியிருப்புச் சங்கத்தில் லிஃப்ட் பற்றிப் பேச்சு வந்தது. நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாதென்று சங்கம் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதே சமயம், வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்து மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும்படி விடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி குற்றம். வழிகாட்டுதலை அச்சடித்து நீட்டுவதால் நான்காம் மாடி அம்மாளின் பயம் போய்விடாது. அவர் லிஃப்டுக்குக் காத்திருந்தால் நாங்கள் அடுத்த முறைக்கு நிற்கிறோம், கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்கிறோம், மலத்தை அள்ளக் காகிதம் எடுத்துப் போகிறோம்.

இப்போது செவலை சாப்பிடும்போது பின்கட்டுக்குப் போய்வரலாம். தலையை நிமிர்த்திக் கோழித் துண்டு வருகிறதா என்று பார்க்கிறது. எலும்பு என்றால் மட்டும் இன்றும் உறுமும். அதை முழுவதும் போக்கிவிடலாம் என்று நாங்கள் நினைக்கவில்லை. வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்று மருத்துவரும் எச்சரித்ததால், எலும்பு கொடுப்பதையே நிறுத்திவிட்டோம்.