தேங்காய் நிமிர்ந்தா தண்ணி இருக்குமா? எங்க ஜியாலஜி கிளாஸ்ல ஓடற விவாதம்

எங்ககிட்ட பிஎஸ்சி ஜியாலஜி சேர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு காங்கயம், தாராபுரம், பரமத்தி, ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்துப் பசங்க. கிளாஸுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு போர்வெல் கதை இருக்கும், ஆயிரம் அடி போட்டும் தண்ணி இல்லாம பொகதான் வந்துச்சு, பக்கத்துத் தோட்டத்துல முந்நூறுலயே கேப்பு (பாறை வெடிப்பு) விழுந்து தண்ணி பீச்சி அடிச்சுச்சுன்னு. அறிவியல் முறைன்னு ஒன்னச் சொல்லிக்குடுக்கணும்னா அத அந்தக் கதையில இருந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் உறுதியா நம்பறேனுங்க. உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவுன்னு நாலு கட்டம் போட்டு அம்பு வரைஞ்சு அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ண வெச்சா அது பரீட்சை ஹாலோட முடிஞ்சு போயிடுது.

ரெக்கார்டு நோட்டும் அப்படித்தான். சேலம் சாக் ஹில்ஸுக்கு பீல்டு கூட்டிட்டுப் போனா, பாறைய சரியாப் பாக்கறதுக்கு முன்னாடியே சீனியரோட ரெக்கார்டுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் ஆர்வம். அதனால அங்க பேரச் சொல்லமாட்டேன். வெள்ளையா நரம்பு நரம்பா ஓடுதே, இது என்னன்னு கேப்பேன், சுண்ணாம்புக்கல்லுன்னு பதில் வரும். சரி, அப்படின்னா ஆசிட் ஊத்துனா என்ன ஆகும், முதல்ல நோட்டுல எழுதுங்கன்னு சொல்லுவேன். பொங்கும்னு எழுதுவாங்க. ஊத்துனா கல்லு கம்முனு கிடக்கும், ஏன்னா அது மேக்னசைட்னு வேற தாது, அது பொங்கணும்னா அதப் பொடி பண்ணணும் இல்ல ஆசிட்ட சூடு பண்ணணும். முன்னாடியே எழுதி வெச்சதாலதான் அந்த அதிர்ச்சி அவங்களோடதா ஆகுது, இல்லைன்னா "ஆமா மேம், அதத்தான் நெனச்சேன்"னு யார் வேணா சொல்லிடலாம்.

சரி, போருக்கு வர்றேன். நீரோட்டம் பாக்கறவர் உள்ளங்கையில தேங்காயப் படுக்க வெச்சுக்கிட்டு நடப்பாரு, அது நிமிர்ந்து நிக்கற எடத்துல போர் போடுவாங்க. "எங்க அப்பிச்சி ஊர்ல ஒருத்தர் இருக்காருங்க மேம், பத்துல எட்டு தப்பாது"ன்னு ஒரு பையன் சொன்னான். அத மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தைல தள்ளுறது எனக்குப் பிடிக்காது, தள்ளுனா அந்தப் பையன் வீட்டுல ஒன்னு, கிளாஸ்ல ஒன்னுன்னு ரெண்டு நம்பிக்கைய வெச்சுக்குவான். அதனால அந்தப் பத்துல எட்டையே எடுத்துக்கிட்டோம். அதே தோட்டத்துல கண்ண மூடிக்கிட்டு கல்லெறிஞ்சு விழுந்த எடத்துல பத்து போர் போட்டா எத்தனைல தண்ணி வரும்? அதுலயும் எட்டு வந்தா தேங்காய்க்கு என்ன வேலை? இதக் கேட்டதும் கிளாஸே அமைதியாயிடுச்சு.

இங்கதான் நம்ம ஊரு பாறை வருது. கொங்குப் பக்கம் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட், கெட்டிப் பாறை, அதுக்குள்ள தண்ணி நிக்க எடமே கிடையாது. மேல மக்கிப்போன பாறையில ஊறி நிக்கும், கீழ போனா வெடிப்புல மட்டும்தான் ஓடும், ஆழம் போகப் போக வெடிப்பும் பொதுவாக் கொறையும். கேசிங் (மேல் மண்ணு சரியாம இருக்க இறக்கற குழாய்) எத்தன அடி இறங்குச்சுன்னு எந்த விவசாயியக் கேட்டாலும் சொல்லிடுவாங்க, அடிக் கணக்குல காசு குடுத்திருப்பாங்கல்ல, அந்த நம்பர்தான் மேல மக்குன பாறை எவ்வளவு தடிமன்னு காட்டற டேட்டா. மக்குன பாறை தடிமனா இருக்கற பள்ளத்துத் தோட்டத்துல யார் எடம் காட்டுனாலும் கொஞ்சமாவது ஊறும்.

அப்புறம் ஒரு பொண்ணு சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. போர் போட லட்சக்கணக்குல செலவாகும், அதெல்லாம் வேண்டாம் மேம், அவர் ஒரு தடவ நடந்து எடம் குறிக்கட்டும், அப்புறம் கண்ணக் கட்டி வேற மூலைல இருந்து நடக்க விடலாம், அதே எடத்துல தேங்காய் நிமிருதான்னு பாக்கலாம்னா. ஒரு ரூபா செலவில்லாத சோதனை! அவர அவமானப்படுத்தற மாதிரி இருக்கக் கூடாது, முதல்ல அவர்கிட்டயே முறையச் சொல்லி சம்மதம் வாங்கணும்னும் பசங்களே முடிவு பண்ணாங்க. ஒத்துக்கற ஆளத் தேடிட்டு இருக்கோம்.

ஜெர்மனில மியூனிக் பக்கம் 1980-கள்ல இதப் பெருசாவே செஞ்சாங்க. ஒரு கொட்டகையோட கீழ்த்தளத்துல தண்ணிக் குழாய நகத்தி நகத்தி வெச்சு, மேல்தளத்துல நடக்கறவங்க எடம் சொல்லணும். 500 பேரப் பாத்து அதுல 43 பேரத் தேர்ந்தெடுத்து 843 தடவ சோதிச்சாங்க. சில பேருக்கு உண்மையிலயே திறமை இருக்குன்னு நடத்துனவங்க சொன்னாங்க, ஆனா என்ரைட்னு ஒரு விஞ்ஞானி அதே டேட்டாவ எடுத்துப் பாத்து, குருட்டாம்போக்குல சொல்லியிருந்தாலும் இதான் வந்திருக்கும்னாரு. ஒரே டேட்டா, ரெண்டு முடிவு. இத ரெண்டு அணியாப் பிரிச்சு வாதாட விட்டா ஒரு பீரியட் பத்தாது.

1890-லயே சேம்பர்லின்னு அமெரிக்க ஜியாலஜிஸ்ட் ஒருத்தர் எழுதியிருக்காரு, ஒரே ஒரு விளக்கத்த வெச்சுக்கிட்டா பெத்தவங்க பிள்ளை மேல வெக்கற பாசம் மாதிரி ஆயிடும், அதனால ஒரே நேரத்துல பல விளக்கங்கள மனசுல வெச்சு எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்கன்னு. அதே காலத்துல கில்பர்ட்னு இன்னொரு அமெரிக்க ஜியாலஜிஸ்ட் அரிசோனால இருக்கற பெரிய குழிக்குப் போனாரு. விண்கல் விழுந்ததா, நிலத்தடி நீராவி வெடிச்சதான்னு ரெண்டு விளக்கம். விண்கல்லுன்னா அடியில இரும்பு புதைஞ்சிருக்கணும், காந்த ஊசி அசையணும். அசையல. நீராவின்னு முடிவு பண்ணாரு, அது தப்பு. மோதுன வேகத்துலயே விண்கல்லு பெரும்பாலும் சிதறி ஆவியாப் போயிருந்துச்சு, 1960-ல ஷூமேக்கர் குழுவினர் அங்க கோயசைட்னு, பயங்கர அழுத்தத்துல மட்டும் உருவாகற ஒரு தாதுவக் கண்டுபிடிச்சப்பதான் விண்கல் மோதல் உறுதியாச்சு. கில்பர்ட்டோட முறைல நான் குறை காணமாட்டேன். விழுந்த கல்லு அப்படியே முழுசா இருக்கும்ங்கற எண்ணம் எழுதப்படாம உள்ள உக்காந்திருந்துச்சு, அதான் அவரக் கவுத்துச்சு. அதனால எங்க பீல்டு நோட்டுல இப்ப "நான் சொல்லாம எடுத்துக்கிட்டது என்ன"ன்னு ஒரு பத்தி கட்டாயம்.

இந்த செமஸ்டர்ல பசங்க அவங்கவங்க ஊரு போர் விவரம் சேத்துட்டு இருக்காங்க. இதப் படிக்கறவங்க தோட்டத்துல போர் போட்டிருந்தா கேசிங் எத்தன அடி, எத்தனாவது அடில கேப்பு விழுந்துச்சு, எந்த வருஷம், எடம் யார் எப்படிப் பாத்தாங்கன்னு எழுதி வெச்சுக் குடுங்க. தண்ணி வராத போரையும் மறக்காம சேத்துக்குங்க, ஊர்ல யாரும் பேசாம விட்டுடறது அதத்தான், எங்களுக்கு அதுதான் முதல்ல வேணும்.