ஐப்பசி அடைமழையில் இம்பிளான்ட்: லண்டனிலிருந்து சென்னை போய்ப் பல் கட்டியவர்களின் கணக்கு

டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதென்று அக்டோபர் கடைசியைப் பிடிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். மழையால் வைத்தியம் கெடாது, நாள் கணக்கு கெடும். பல் வேலை எல்லாமே வரிசைப்படி நடப்பது. ஸ்கேன் வராமல் அறுவை இல்லை, அளவு எடுக்காமல் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) இல்லை, கேப் வந்தால்தான் கடி சரிபார்க்க முடியும். நடுவில் ஒரு நாள் தண்ணீரில் போனால் பின்னால் இருப்பதெல்லாம் நகரும். நகராமல் நிற்பது திரும்பும் டிக்கெட் மட்டும்தான்.

முதல் எரிச்சல் விசா. ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். வெறும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சிகிச்சைக்கென்றே இருப்பது இ-மெடிக்கல் விசா. அதற்கு மருத்துவமனையின் கடிதம் வேண்டும். நாங்கள் கேட்டதும் வாட்ஸ்அப்பில் "டாக்டர் ஓகே சொல்லிட்டார், வாங்க" என்று ஒரு வரி வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லெட்டர்ஹெட்டில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், என்ன சிகிச்சை, எந்தத் தேதி, டாக்டர் கையெழுத்து, சீல், இவ்வளவும் இருக்க வேண்டும். ரிசப்ஷனில் இருந்த பெண் "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே" என்றார். மூன்றாவது முறை வந்த கடிதத்தில்தான் எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். 300 கே.பி.க்கு மேல் போனால் தளம் ஏற்காது, சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி: இந்த விசாவில் மூன்று முறை நுழையலாம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, இரண்டாம் கட்டத்துக்கும் இதுவே போதும் என்று நினைக்காதீர்கள். ஆயுள் 60 நாள்தான். தாடை எலும்பில் செயற்கை வேராகப் பதிக்கும் இம்பிளான்ட் எலும்போடு ஒட்ட 3 முதல் 6 மாதம் ஆகும். கேப் போடப் போகும்போது மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம்.

லண்டனில் எடுத்த ஓ.பி.ஜி. (முழுத் தாடை எக்ஸ்ரே) படத்தை அனுப்பி வாங்கும் எஸ்டிமேட்டை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். அந்தப் படம் தட்டையானது. எலும்பின் உயரம் ஓரளவு தெரியும், அதுவும் கால் பங்கு பெரிதாகத் தெரியலாம். அகலம் தெரியவே தெரியாது. போய் இறங்கி சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்த பிறகுதான் உண்மை வெளிவரும். மேல் கடைவாய்ப் பக்கம் சைனஸ் அறைக்கு (மூக்கை ஒட்டிய காற்றறை) கீழே எலும்பு 5 மி.மீ.கூட இல்லையென்றால் பொதுவாக சைனஸ் லிஃப்ட் செய்து, அதாவது அந்த அறையின் சவ்வை மேலே தூக்கி, எலும்புத்தூள் நிரப்பச் சொல்வார்கள். செலவும் கூடும், காத்திருப்பும் கூடும். இங்கேயே ஒரு சி.பி.சி.டி. எடுத்து, படமாக இல்லாமல் ஸ்கேனின் மூல வடிவமான டைகாம் கோப்பாக அனுப்பிவிட்டால் இந்த அதிர்ச்சி கிளம்பும் முன்னாலேயே தீர்ந்துவிடும். லண்டனில் அதற்கு ஆகும் செலவு வலிக்கத்தான் செய்யும். விமானம் ஏறிப் போய்த் தெரிந்துகொள்வது அதைவிட வலிக்கும்.

சைனஸ் லிஃப்ட் விஷயத்தில் மழைக்காலத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு: ஜலதோஷம். செய்த பிறகு இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மினால் உள்ளே ஏறும் அழுத்தத்தில் மெல்லிய சவ்வு கிழியும், போட்ட தூள் இடம் பெயரும். மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போது இந்த அறுவைக்கு உட்காராதீர்கள். விமானத்தில் எப்போது ஏறலாம் என்பதையும் அறுவைக்கு முன்னாலேயே கேளுங்கள். "ரெண்டு வாரம் போகட்டும்" என்று முடிந்த பிறகு சொன்னால் டிக்கெட்டை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

தங்குமிடம். சொந்தக்காரர் வீடு வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ முடிச்சூரிலோ இருந்தால், பாசம் வேறு, பயணம் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி கனமழை கொட்டினால் தெருவை விட்டு வெளியே வர முடியாது. சுரங்கப்பாதைகளை மூடிவிடுவார்கள், ஆட்டோ வராது, வந்தாலும் மீட்டரைப் பற்றிப் பேச முடியாது. கிளினிக், தங்குமிடம் இரண்டும் ஒரே மெட்ரோ தடத்தில் நடக்கிற தூரத்தில் இருக்கும்படி தேடுங்கள். சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை வழியாகப் போகும் நீலத் தடம் விமான நிலையத்துக்கும் போகிறது. காலையில் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவித்தால், கிளினிக் உதவியாளர்கள் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்றும் புரிந்துகொள்ள வேண்டும். போன் செய்யாமல் கிளம்பாதீர்கள். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் குடையோடு நின்ற பிறகு "இன்னைக்கு லீவு சார்" என்று மெசேஜ் வந்த கதை எங்களுடையது மட்டுமில்லை, அதே வாசலில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

ரூட் கேனல் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. சிக்கல் அதற்கு மேல் போடும் கேப்பில்.

கேப் கிளினிக்கில் உருவாவதில்லை, பெரும்பாலும் வெளி லேபில். அளவை, அதாவது வாயில் பதித்தெடுத்த பல் பதிவை, லேப் ஆள் பைக்கில் வந்து வாங்கிப் போவார். ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்றால் அவர் வர மாட்டார், அளவு மேஜையிலேயே கிடக்கும். எதில் அளவு எடுத்தார்கள் என்பது அப்போதுதான் முக்கியமாகிறது. அல்ஜினேட் என்ற மாவில் எடுத்தது காய்ந்தால் சுருங்கும், ஈரத்தில் ஊறினால் உப்பும். எடுத்த சற்று நேரத்துக்குள் அச்சு ஊற்றிவிட வேண்டும். மறுநாள் ஊற்றிய அச்சில் செய்த கேப் உட்காராது. உட்கார வைத்தாலும் ஓரத்தில் இடைவெளி விட்டு, அங்கேயே சொத்தை ஆரம்பிக்கும். ரப்பர் போன்ற அடிஷன் சிலிக்கான் என்றால் பல நாள் வடிவம் மாறாமல் இருக்கும். எல்லாவற்றையும்விட நல்லது வாய்க்குள் விடும் ஸ்கேனர். கோப்பு நெட்டில் போய்விடும், பைக் தேவையில்லை. "ஸ்கேனர் இருக்கு, ஆனா மேனுவலே போதும்" என்றார்கள். வானத்தைக் காட்டி ஸ்கேன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் குறைந்தது அந்த ஒரு நாள் மிச்சமானது.

அதோடு முடிந்ததா? ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப்பை முதலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக வெட்டியெடுத்து, ஏறக்குறைய 1,500 டிகிரி சூளையில் மணிக்கணக்கில் சுடுவார்கள். சுடும்போது சுருங்கி உரிய அளவுக்கு வரும். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்கவில்லையென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்ட வேண்டியதுதான். மழைநீர் தேங்கிய பகுதிகளில் பாதுகாப்புக்காக மின்வாரியமே கரண்டை நிறுத்திவிடும், அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லேபில் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்பதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளும் கிளினிக்கும் உண்டு. இருந்தாலும் கேளுங்கள். தீபாவளியும் இதே பருவத்தில்தான். லேப் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் பண்டிகைக்கு முன்னும் பின்னும் எதுவும் நகராது. "நாளைக்கு வந்துடும்" என்ற பதிலை தீபாவளி வாரத்தில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் தற்காலிக கேப் கழன்றால் பதற வேண்டாம். விழுங்காமல் எடுத்து வைத்து, அந்தப் பக்கம் மெல்லாமல் மறுநாள் போய் ஒட்டிக்கொள்ளலாம். தீபாவளி வீட்டில் அல்வாவையும் கடலை மிட்டாயையும் தவிர்த்தாலே பாதிக் கழற்றல் குறையும். நூல் விட்டுச் சுத்தம் செய்தால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள்.

நிரந்தர கேப்பை ஒட்டுவது கிளம்பும் நாளன்று கூடவே கூடாது. ஊசி போட்டு மரத்த வாயில் கடி உயரமாக இருப்பது தெரியாது. மரப்பு இறங்கியதும் ஒரே இடத்தில் இடிக்கும், இரண்டு நாளில் பல் கூசும். கார்பன் தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, உயர்ந்த புள்ளியை அரைத்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு லண்டனில் ஆள் கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டில் செய்ததைத் தொட மாட்டோம் என்கிற கிளினிக்குகள் இங்கே நிறைய. ஒட்டிய பிறகு குறைந்தது மூன்று நாள் கையில் இருக்கட்டும்.

இம்பிளான்ட் அறுவைக்குக் காலை நேரத்தைக் கேளுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், கம்ப்ரஸரும் சக்ஷனும் ஓடுமா என்பது வேறு கேள்வி. கருவிகள் இருக்கும் பை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். பையின் மேலுள்ள குறி நிறம் மாறியிருக்க வேண்டும், பை காய்ந்திருக்க வேண்டும். ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) முழுச் சுற்று ஓடாமல் பாதியில் நின்று ஈரமாக வெளியே வந்த பை ஸ்டெரைல் கணக்கில் வராது, ஈரம் வழியே கிருமி உள்ளே போகும். எலும்பில் துளையிடும்போது பாய்ச்சுவது ஸ்டெரைல் சலைனாக (கிருமி நீக்கிய உப்புநீர்) இருக்க வேண்டும், டேங்கர் தண்ணீர் ஆகாது. இதையெல்லாம் கேட்டதற்கு ஒரு டாக்டர் முகம் சுளித்தார், இன்னொருவர் அழைத்துப் போய்க் காட்டினார். எங்கே செய்துகொண்டோம் என்று சொல்லத் தேவையில்லை.

இனி சொல்லப் போவதை அவசரமாகப் படிக்காதீர்கள். அறுவை முடிந்ததும் எழுதித் தரும் வலி மாத்திரை பெரும்பாலும் அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் வகை. இதே மாதங்கள்தான் சென்னையில் டெங்கு மாதங்களும். டெங்குவில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் இறங்கும்போது இந்த வகை மாத்திரைகள் ரத்தக் கசிவை மோசமாக்கும், வாயிலோ புதுக் காயம் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் "தையல் போட்டிருக்கு, அதான்" என்று இருந்துவிடாமல் அவற்றை நிறுத்தி, பாரசிட்டமால் மட்டும் எடுத்து, அன்றே டெங்குவைக் காட்டும் என்.எஸ்.1 பரிசோதனையும் ரத்த அணு எண்ணிக்கையும் பாருங்கள். என்.எஸ்.1 முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும். முன்கூட்டியே டாக்டரிடம் பாரசிட்டமாலை முதன்மையாக வைத்து எழுதித் தரச் சொல்லலாம். சில மாத்திரைகள் பாரசிட்டமாலும் அசிக்ளோஃபினாக்கும் கலந்தவை, பட்டையில் உள்ள பெயரைப் படித்து வாங்குங்கள். அறுவைக்கு முன்பே காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுவதுதான் ஒரே வழி.

சாப்பாட்டில் இரண்டு பொறிகள். பல் பிடுங்கியவர்களுக்கு எல்லோரும் அன்போடு நீட்டுவது இளநீர், ஸ்ட்ராவோடு. உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தக் கட்டி பெயர்ந்து மூன்றாம் நாள் காது வரை வலிக்கும். இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். இரண்டாவது, "ஜில்லுன்னு சாப்பிடுங்க" என்பதைக் கேட்டு ரோட்டோர ஜூஸ் கடை ஐஸ். வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று கேட்கவே வேண்டாம். வாய் கொப்பளிக்கவும் பல் துலக்கவும் கொதித்து ஆறிய தண்ணீர். ஆறிய கேழ்வரகுக் கஞ்சியும் குழைந்த தயிர் சாதமும் போதும்.

பணம்: மழையில் நெட் போனால் கார்டு மெஷின் வேலை செய்யாது, ஏ.டி.எம்.மில் வரிசை நிற்கும். ஒரு தவணைக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும். பயண இன்ஷூரன்ஸ் திட்டமிட்ட சிகிச்சையையும் அதனால் வரும் சிக்கலையும் பொதுவாக ஏற்காது, சின்ன எழுத்தைப் படியுங்கள். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது, 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்கும் மூடினார்கள். தையல் பிரிக்க 7 முதல் 10 நாள், அதற்கு மேல் ஒரு வாரம் மழைக்கென்று ஒதுக்குங்கள். கரையும் தையல் போடச் சொன்னால் ஒரு நடை மிச்சம்.

கிளம்பும் முன் கையில் வாங்க வேண்டியது: ஸ்கேன் கோப்பு, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, இம்பிளான்ட் டப்பாவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். பிராண்டு, விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில்தான் இருக்கும். "ஃபைல்ல இருக்கு, மெயில் பண்றோம்" என்றார்கள். மெயில் வராது என்று தெரிந்து, கவுன்ட்டரிலேயே உட்கார்ந்து வாங்கிய பிறகுதான் மிச்சப் பணத்தைக் கட்டினோம். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் நாளை ஸ்க்ரூ தளர்ந்தால் எந்தத் திருப்புளி பொருந்தும் என்றே இங்கே யாருக்கும் தெரியாது.

இரண்டாம் கட்டத்துக்குப் பிப்ரவரி, மார்ச்சைப் பிடியுங்கள். மழை இல்லை, பொங்கல் கூட்டமும் ஓய்ந்திருக்கும். கேப் மாட்டியதும் அபட்மென்ட் (இம்பிளான்ட்டையும் கேப்பையும் இணைக்கும் துண்டு) ஸ்க்ரூவை எத்தனை நியூட்டன் சென்டிமீட்டர் விசையில் முறுக்கினார்கள், கேப் ஸ்க்ரூவில் நிற்பதா சிமென்ட்டில் நிற்பதா என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.